பூவராகவனின் முன்சக்கர பிரேக்

உங்கள் வண்டியின் பிரேக்கைக் கடைசியாக எப்போது சோதித்துப் பார்த்தீர்கள்? பொட்டு வைத்த நாளைக் கேட்கவில்லை. அது உங்களுக்கு நன்றாக நினைவிருக்கும். எந்தக் கோயில் வாசல், எத்தனை எலுமிச்சம்பழம், சக்கரத்தின் அடியில் அது நசுங்கியபோது பக்கத்தில் யார் யார் நின்றார்கள் என்பதுவரை சொல்லிவிடுவீர்கள். ஒரு காலையில் நின்று, பிரேக்கைப் பிடித்து, சக்கரம் நிற்கிறதா என்று பார்த்த நாளைத்தான் கேட்கிறேன். பதில் வரவில்லை என்றால் பூவராகவனின் கதையைக் கேளுங்கள். நாற்பத்து மூன்று வயதுவரை அவருக்கும் பதில் தெரியாமல்தான் இருந்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், காரின் கதவுக்குள் மறைந்து கிடக்கும் தகடுகளை அடித்துத் தரும் ஆலை ஒன்று. அங்கே பூவராகவன் பதினோரு வருடமாகத் தற்காலிகத் தொழிலாளி. பதினோரு வருடம் நீடிப்பதைத் தற்காலிகம் என்று எந்த மொழியில் சொல்வார்கள்? கான்ட்ராக்டரின் மொழியில். வீடு சுண்ணாம்புகுளம் சாலையில், பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஒரு குப்பத்தில். ஆலைக்குப் பதினான்கு கிலோமீட்டர். அண்ணன் தம்பிகள் இன்றும் ஏரியில் இறால் பிடிக்கிறார்கள். அந்தக் குடும்பத்தில் ஷூ போட்டுக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் இவர்தான். அந்தப் பெருமை திலகவதிக்கும் உண்டு. கணவனின் ஷூவை அவளே துடைத்து வாசலில் வைப்பாள், நாலு பேர் பார்க்கும்படி.

போன மார்ச் மாதம் பூவராகவனின் வலது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தகடு அடிக்கும் பிரஸ்ஸுக்குள் போயின.

ஆலையின் பதிவேட்டில் அதற்குக் காரணம் ‘கவனக்குறைவு’ என்று ஒரே சொல்லில் இருக்கிறது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருப்பது இது. பிரஸ்ஸில் இரண்டு பச்சை பட்டன்கள் உண்டு, ஒன்றரை முழ இடைவெளியில். இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் மேலே தொங்கும் அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் அச்சின் வாயில் எந்தக் கையும் இருக்காது என்பதுதான் கணக்கு. எங்கோ ஒரு வரைபடத்தின் முன்னால் உட்கார்ந்து, தான் ஒருநாளும் பார்க்கப்போகாத ஒரு தொழிலாளியின் விரல்களை நினைத்து யாரோ செய்த ஏற்பாடு அது. ஆனால் இரண்டு கையும் பட்டனுக்குப் போய்த் திரும்ப, தகடு ஒன்றுக்கு இரண்டு நொடி கூடுதலாகிறது. ஷிஃப்டுக்கு அறுநூறு தகடு கேட்டவர்களுக்கு அந்த இரண்டு நொடி கண்ணை உறுத்தியது. வலது பக்கத்துப் பட்டனை அழுத்திப் பிடித்து, அதன் விளிம்பில் ஒரு போல்ட்டைச் செருகி, கறுப்பு டேப்பைச் சுற்றிவிட்டால் போதும். பட்டன் நிரந்தரமாக அழுந்தியே இருக்கும். அப்புறம் வலது கையால் தகட்டை வை, இடது கையால் தட்டு. வை, தட்டு. வை, தட்டு.

சொன்னவர் சூப்பர்வைசர் தணிகாசலம். செருகியது பூவராகவனின் கை. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, திலகவதியிடம்கூட.

விரல் போன மறு வாரம் ஆலையில் பரபரப்பாக வேலை நடந்தது. பட்டனைச் சரிசெய்தார்கள் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். அந்த பிரஸ் காவு கேட்கிறது என்று யாரோ சொல்ல, பூசணிக்காய் வாங்கிவந்து உடைத்தார்கள். எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து அச்சின் கழுத்தில் கட்டினார்கள். மறுநாள் ஷிஃப்ட் வழக்கம்போல் ஆறு மணிக்குத் தொடங்கியது. அதே வாரம் பெரியபாளையத்தில் திலகவதி வேப்பஞ்சேலை கட்டிக்கொண்டு அம்மனைச் சுற்றி வந்தாள், கை முழுக்க அழுகிவிடாமல் மணிக்கட்டாவது மிஞ்ச வேண்டும் என்று. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது அநியாயம். மனைவியின் பயத்துக்குக் காரணம் இருந்தது. நிர்வாகத்தின் பக்திக்கு லாபம் இருந்தது.

புண் ஆறி ஜூலையில் திரும்பி வந்தபோது பூவராகவனுக்கு பிரஸ்ஸில் இடமில்லை. ஏரிக்கும் போக முடியாது. வலை முடிச்சை இழுத்து இறுக்க ஆள்காட்டி விரல் வேண்டும். பின்பக்கத்துக் கழிவுத் தகட்டுக் கிடங்கில் தொட்டிகளின் எண்ணைக் குறித்துக்கொள்ளும் வேலை கிடைத்தது, வேறு கான்ட்ராக்டரின் கீழே. கிடைத்ததே பெரிது என்று எல்லோரும் சொன்னார்கள். புதிய கான்ட்ராக்டரிடம் ஒரே ஒரு நிபந்தனை. காலை ஆறு மணிக்குக் கேட்டுக்குள் இருக்க வேண்டும். மூன்று முறை தாமதமானால் அப்புறம் வரவே வேண்டாம். பழைய கான்ட்ராக்டரின் வேனில் இனி ஏற முடியாது. அந்த நேரத்துக்குக் குப்பத்திலிருந்து பஸ் கிடையாது. மோட்டார் சைக்கிளுக்கு ஆக்ஸிலேட்டரும் முன்பிரேக்கும் வலது கையில்தான்.

மிஞ்சியது சைக்கிள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆசைப்பட்டு வாங்கிய கியர் சைக்கிள், தடித்த டயர், மலையேறுவதற்கென்று செய்த இரும்புச் சட்டம். மலையே இல்லாத ஊரில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறான் என்று அண்ணன் கேலி பேசிய சைக்கிள். ஏழெட்டு வருடமாக வலைக் கொட்டகையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இறக்கித் துடைத்து ஓட்டிப் பார்த்தார். சங்கிலி துருவேறியிருந்தது, கியர் ஏற மறுத்தது. அதெல்லாம் பெரிய விஷயமில்லை. ரப்பர் கட்டைகள் ரிம்மை இரண்டு பக்கமும் கவ்வுகிற பழைய பிரேக். நல்ல கைக்கே இறுக்கிப் பிடித்தால்தான் நிற்கும். வழியிலோ ரயில் பாதையைத் தாண்டும் மேம்பாலம் ஒன்று இருக்கிறது. அதன் இறக்கம் முடியும் இடத்தில் டிரெய்லர்கள் வரிசையாக நிற்கும், பல நேரம் பின்விளக்குகூட இல்லாமல்.

கும்மிடிப்பூண்டி பஜாரில் சைக்கிள் கடை வைத்திருக்கும் யேசுதாஸ் அவருக்குப் பழைய சிநேகிதர், பத்து வயது மூத்தவர். சைக்கிளைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் முதலில் தன் ஆள்காட்டி விரலை நீட்டினார். வலது கையால் பிடித்து அழுத்தச் சொன்னார். பூவராகவன் கட்டைவிரலையும் மிச்சமிருந்த இரண்டு விரல்களையும் சேர்த்து, பல்லைக் கடித்து அழுத்தினார்.

“யோவ் பூவு, கொசு கடிச்சா மாதிரி கீது. இத்த வெச்சிக்கினு பாலத்துல எறங்கப்போறியா? அதுக்கு நேரா டிரெய்லர்காரன் ஊட்டுக்கே போய் அட்ரஸ் குடுத்துட்டு வந்துடேன்.”

“மெதுவா போறேண்ணே.”

“நீ மெதுவா போவ. பாலம் மெதுவா எறங்குமா?”

அடுத்து இடது கை. அழுத்தியதும் யேசுதாஸ் விரலை உதறிக்கொண்டார். இந்தக் கை போதும் என்றார். இனி முன்சக்கர பிரேக் இடது கைக்கு வர வேண்டும், அதுவும் மழையில் ஏமாற்றாத பிரேக்காக இருக்க வேண்டும் என்று அவரே முடிவு செய்தார். ரிம்மைக் கவ்வுகிற ரப்பர், ரிம் நனைந்தால் வழுக்கும். சக்கரத்தின் நடுவில் ஓர் இரும்புத் தட்டை முடுக்கி அந்தத் தட்டைக் கவ்வ வைத்தால், ஒற்றைக் கையின் பலத்துக்கே நிற்கும். டிஸ்க் பிரேக் என்பது அவ்வளவுதான்.

சொல்வது சுலபம், அந்தச் சைக்கிள் பிறந்த காலத்தில் இதற்கெல்லாம் இடம் விட்டிருக்கவில்லை. முன்சக்கரத்தைத் தாங்கும் பழைய ஃபோர்க்கில் தட்டைக் கவ்வும் கேலிபரை மாட்டக் காது கிடையாது. ஆகவே ஃபோர்க்கையே மாற்ற வேண்டியிருந்தது. சக்கரத்தின் நடுவிலிருந்த பழைய ஹப்பில் தட்டை முடுக்க ஆறு ஓட்டைகள் இல்லை. ஆகவே முன்சக்கரமும் மாறியது. பின்சக்கரத்துக்கும் போட்டுவிடலாமே, ஆலையில் வெல்டிங் ஆள் இருக்கிறான், ஒரு காதை ஒட்டிக்கொடுப்பான் என்று பூவராகவன் சொல்லிப் பார்த்தார். யேசுதாஸ் மறுத்துவிட்டார். சட்டத்தின் பின்குழாய் பென்சில் கனம்தான், அதில் சூடு வைத்தால் என்றைக்கு முறியும் என்று தெரியாது, தெரியாத ஒன்றின் மேல் ஆளை உட்கார வைக்க மாட்டேன் என்றார். பின்னால் பழைய ரப்பர் கட்டையே இருக்கட்டும், அது வேகத்தைக் குறைக்க, நிறுத்துவது முன்பிரேக்கின் வேலை. நான்கு நாள் ஆனது. ஐந்தாம் நாள் இரண்டு விளக்குக் கம்பங்களுக்கு நடுவே பூவராகவனை முப்பது முறை ஓடவிட்டு, முப்பது முறை பிடிக்கவைத்தார். புதுத் தட்டும் புதுக் கட்டையும் ஒன்றையொன்று தேய்த்துப் பழக வேண்டுமாம். முதல் பத்து முறை சைக்கிள் நழுவி நழுவி நின்றது. முப்பதாவது முறை, இடது கையின் இரண்டு விரல் பட்டதும் ஆணியடித்ததுபோல் நின்றது. மார்ச்சுக்குப் பிறகு பூவராகவன் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

அனுப்பும்போது யேசுதாஸ் தட்டைக் காட்டிச் சொன்னார். “இதுல மட்டும் எண்ணெ படக்கூடாது. கைகூட வெக்காத, கையில இருக்கற பிசுக்கே போதும். மழ நாள்ல கிரீச்சுன்னு கத்தும், கத்திக்கினு போவட்டும். ஊட்ல சொல்லி வையி.”

“சைக்கிள எவண்ணே தொடப்போறான்?” என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார் பூவராகவன். வீட்டில் சொல்லவில்லை.

ஆகஸ்டும் செப்டம்பரும் ஓடின. நாலரைக்கே கிளம்பி ஐந்தே முக்காலுக்குக் கேட்டில் இருப்பார். இருந்தும் இரண்டு தாமதம் விழுந்துவிட்டது. ஒருநாள் டயரில் கண்ணாடிச் சில்லு, இன்னொரு நாள் டிரெய்லர் ஒன்று சாலையை அடைத்துத் திரும்பிக்கொண்டிருந்தது. ஏழு நிமிடம், நான்கு நிமிடம். மூன்றாவது விழுந்தால் வேலை போயிற்று. அந்தப் பயம் விடியற்காலையில் அவருக்கு முன்னால் எழுந்து, சைக்கிள் கேரியரில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

கிடங்குக்குப் போகும் வழி பிரஸ் ஷாப்புக்குள்ளேதான். தினமும் அந்த பிரஸ்ஸைத் தாண்டிப் போக வேண்டும். இப்போது அதில் உட்கார்ந்திருந்தவள் தேவதர்ஷினி. இருபத்தொரு வயது, ஆரம்பாக்கத்துப் பெண், டிப்ளமோ படித்தவள், வாய் ஓயாமல் பேசுபவள். வலது கையால் தகட்டை வைத்து இடது கையால் தட்டிக்கொண்டிருந்தாள். வலது பட்டனில் போல்ட் அப்படியே இருந்தது. டேப் மட்டும் புதிது. அவள் கை அச்சின் வாய்க்குள் போய் வரும் ஒவ்வொரு முறையும் பூவராகவனின் இல்லாத விரல் இரண்டும் சுண்டி வலிக்கும். ஆகஸ்டில் ஒருமுறை தணிகாசலத்திடம் அந்த போல்ட்டை எடுத்துவிடலாமே என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். உனக்கு இப்போது கழிவுத் தகடுதானே வேலை, அதைப் பார், ஏற்கெனவே ஒரு தாமதம் விழுந்திருக்கிறது என்று பதில் வந்தது. அதோடு வாயை மூடிக்கொண்டார். கோழை என்று அவரைச் சொல்ல விரும்புகிறவர்கள், வீட்டில் உலை வைக்க வேறு வழியுள்ளவர்களாக இருப்பார்கள்.

ஆயுத பூஜை வந்தது. ஆலையில் அதை ஒருநாள் முன்னதாகவே வைத்துவிடுவார்கள். தரையைக் கழுவி, இயந்திரங்களுக்கு மாலை போட்டு, தணிகாசலம் வேட்டி கட்டிக்கொண்டு நிற்க, ஓர் ஆள் சந்தனக் கிண்ணமும் குங்குமமுமாக வரிசையாக வந்தார். மோட்டாருக்கு ஒரு பொட்டு, கைப்பிடிக்கு ஒரு பொட்டு, துருத்திக்கொண்டிருந்த எதையும் விடவில்லை. பொரிப் பொட்டலத்தோடு நின்ற பூவராகவனைத் தேவதர்ஷினி கைகாட்டிக் கூப்பிட்டாள்.

“அண்ணா, இங்க பாருங்க. எங்க போல்ட் சாருக்கும் பொட்டு வெச்சிட்டாங்க.”

கறுப்பு டேப்பின் மேல், போல்ட்டின் தலையில், சந்தனமும் அதன் நடுவே குங்குமமும் பளிச்சென்று இருந்தன.

“சிரிக்காதம்மா,” என்றார்.

“வேற இன்னாண்ணா பண்றது? எனக்காவது ஒரு நாள் லீவு. பாவம், அதுக்கு லீவே கெடையாது, அழுத்திக்கினே இருக்குது.” சிரித்தாள். பிறகு அவர் கையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் வீட்டில் பூஜை. பூவராகவன் கடைத்தெருவுக்கு வாழையிலை வாங்கப் போயிருந்த நேரத்தில் திலகவதி சைக்கிளைக் கழுவினாள். அவளுக்கு அந்தச் சைக்கிள் மேல் சொல்ல முடியாத ஒரு பாசம் வந்திருந்தது. கணவனைக் காலையில் கொண்டுபோய் மாலையில் முழுசாகத் திருப்பித் தருகிறதே. கழுவிய சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தபோது அது கிரீச்சென்று கத்தியது. கத்துகிற கதவுக்கு, கத்துகிற தையல் மிஷினுக்கு, கத்துகிற கிணற்றுக் கப்பிக்கு என்ன செய்வோமோ அதைத்தான் செய்தாள். விளக்குக்கு ஊற்றியது போக மிச்சமிருந்த நல்லெண்ணெயைத் துணியில் தோய்த்து, சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே தட்டின் இரண்டு பக்கமும் தடவினாள். கத்தல் நின்றது. பளபளவென்று வட்டமாக, கண்ணாடிபோல் இருந்தது தட்டு. பொட்டு வைக்க அதைவிட நல்ல இடம் அந்தச் சைக்கிளில் இல்லை. மூன்று பொட்டு வைத்தாள். கற்பூரம் காட்டினாள்.

திரும்பி வந்த பூவராகவன் தட்டில் குங்குமத்தைப் பார்த்தார். யேசுதாஸ் சொன்னது நினைவுக்கு வந்தது. சங்கிலி துடைக்கிற பழைய துணியை எடுத்து, அவள் மனம் நோகாதபடி உள்ளே போனதும் பொட்டைத் துடைத்தார். எண்ணெய் தடவியதை அவள் சொல்லவில்லை, இவர் கேட்கவில்லை. சங்கிலித் துணியில் இருந்த கிரீஸும் சேர்ந்துகொண்டது. அவளாவது ஒரு முறை தடவினாள். இவர் அதன் மேல் இன்னொரு பூச்சும் பூசினார்.

விஜயதசமிக்குக் கான்ட்ராக்ட் ஆட்களுக்கு விடுமுறை கிடையாது. விடியும்போதே மழை தூறிக்கொண்டிருந்தது. குப்பத்து மண் சாலையில் வேகமே இல்லாததால் பின்பிரேக்கே போதுமாக இருந்தது. மேம்பாலத்தின் உச்சிக்கு வந்தபோது ஐந்தரை இருக்கும். இறக்கம் பிடித்தது. கீழே, மழைத்திரைக்குப் பின்னால், இருட்டாக ஒரு சுவர் தெரிந்தது. அது சுவரில்லை, டிரெய்லரின் முதுகு என்று புரிவதற்குள் பாதி இறக்கம் போய்விட்டது. இடது கையை இறுக்கினார். லிவர் வந்தது, கை கைப்பிடியில் போய் முட்டும்வரை வந்தது, சைக்கிள் நிற்கவில்லை. வெண்ணெயில் கத்தி போவதுபோல் சக்கரம் ஓடிக்கொண்டே இருந்தது. வலது கையின் இரண்டு விரல்களால் பின்பிரேக்கை இழுத்தார். ஈர ரிம்மில் ரப்பர் முனகியது. வேறு வழி தெரியாமல் உடம்பை இடப்பக்கம் சாய்த்துச் சாலையோர மணலில் விழுந்தார். சைக்கிள் அவரில்லாமல் தனியாகப் போய் டிரெய்லரின் அடியில் நுழைந்து நின்றது.

டிரைவர் இறங்கி ஓடிவந்தார், நெல்லூர்க்காரர். நைனா, நைனா என்று முதுகைத் தடவிக்கொடுத்தார். பின்விளக்கு எரியாததை அவரும் அப்போதுதான் பார்த்தார். தேவதைதான் உங்களைக் காப்பாற்றியது என்று அரைத் தமிழில் சொன்னார். பூவராகவன் சைக்கிளை வெளியே இழுத்து, தட்டின் மேல் விரலை வைத்துத் தேய்த்து மூக்கருகே கொண்டுபோனார். நல்லெண்ணெய் வாசனை. அவர் வீட்டு விளக்கின் வாசனை.

முழங்கால் கிழிந்திருந்தது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தார். கேட்டுக்கு வரும்போது ஆறு இருபது.

காவலாளி சொல்லியனுப்ப, தணிகாசலம் குடையோடு வந்தார். பேன்ட்டில் இரத்தத்தைப் பார்த்ததும் முகம் இளகியது. கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. தன் தலைக்கு மேல் இருப்பவர்களிடம் அவருக்கிருந்த பயமும் பூவராகவனின் பயமும் ஒரே ஜாதிதான்.

“நேரம் சரியில்லப்பா ஒனக்கு. மொதல்ல கை, இப்ப இது. பெரியபாளையம் போயி ஒரு பொங்க வெச்சிட்டு, கொஞ்ச நாள் ஊட்ல இரு.”

“எத்தினி நாளு சார்?”

“கான்ட்ராக்டர் கூப்புடுவாரு.”

கூப்பிட மாட்டார் என்பது இருவருக்கும் தெரியும். பூவராகவன் தலையை நிமிர்த்தினார்.

“நேரம் இல்ல சார், எண்ணெ. தட்டுல நல்லெண்ணெ பட்டுக்கீது, அதான் புடிக்கல. தொடச்சா புடிக்கும்.”

தணிகாசலம் அடையாள அட்டையை ஆபீசில் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னார்.

ஆபீசுக்கும் வழி பிரஸ் ஷாப்புக்குள்ளேதான். நொண்டிக்கொண்டே நடந்தார். ஒரு தட்டில் கொஞ்சம் எண்ணெய், அதற்கு மேலே ஒரு துடைப்பு, அதனால் ஒரு விழுகை. ஒவ்வொன்றுக்கும் ஒரு கை இருந்தது, ஒரு காரணம் இருந்தது, காரணத்தை எடுத்துவிட்டால் சரியாகிவிடும். இவ்வளவு எளிதாக இருக்கிறதே என்று மலைப்பாக இருந்தது. தேவதர்ஷினியின் பிரஸ் முன்னால் நின்றார். காய்ந்து வெடித்த சந்தனத்தோடு போல்ட் இருந்தது. இத்தனை நாள் அதைத் தொடவிடாமல் செய்தது வேலை போய்விடும் என்ற பயம். வேலை பத்து நிமிடம் முன்பு போய்விட்டது.

வலது கையின் மூன்று விரல்களால் பிடித்து இழுத்தார், வரவில்லை. இடது கையால் டேப்பைக் கிழித்து, போல்ட்டை உருவினார். டக்கென்று பட்டன் வெளியே எழும்பியது. தேவதர்ஷினி அப்போதுதான் தகட்டை வைத்து இடது கையால் தட்டினாள். அச்சு இறங்கவில்லை. அவள் வலது கை வாய்க்குள்ளேயே இருந்தது, அச்சு மேலேயே இருந்தது. கையையும் அச்சையும் அவள் மாறி மாறிப் பார்த்தாள்.

பக்கத்து பிரஸ்களும் ஒவ்வொன்றாக நின்றன. தணிகாசலம் பின்னாலேயே வந்திருந்தார். “இன்னா பண்ற நீ?”

“நான் செருகுனது சார். நானே எடுத்துட்டேன்.”

போல்ட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அட்டையை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தார்.

வீட்டில் என்ன சொல்வது என்பதுதான் பதினான்கு கிலோமீட்டரும் அவரை அரித்தது. எண்ணெயைச் சொன்னால் அவள் உடைந்துபோவாள். சொல்லாவிட்டால் அடுத்த வருடமும் தடவுவாள். எல்லாவற்றையும் சொன்னார், போல்ட்டைச் செருகியது தன் கைதான் என்பதையும் சேர்த்து. திலகவதி எழுந்துபோய், அவர் கைக்குக் கட்டுக் கட்டிய நாட்களில் வாங்கி மிஞ்சியிருந்த ஸ்பிரிட் பாட்டிலை எடுத்துவந்தாள்.

“இது போட்டா போவுமா?”

“போவும்.”

சுத்தமான துணியால் அவளே துடைத்தாள், வாசனை போகும்வரை. எண்ணெய் குடித்த பிரேக் கட்டைகளை யேசுதாஸ் வாயில் வந்தபடி திட்டிக்கொண்டே மாற்றிக்கொடுத்தார். “இனிமே பொட்டு எங்கதான் வெக்கறது?” என்று திலகவதி கேட்டாள். சைக்கிள் மணிக்கு வை என்றார் பூவராகவன். மணிக்கு வைத்தாள்.

அந்த வாரக் கடைசியில் தேவதர்ஷினி போன் செய்தாள். இரண்டு நாள் இரண்டு கையாலும் அழுத்தி வேலை செய்தார்களாம். மூன்றாம் நாள் எண்ணிக்கை குறைந்ததென்று மேலிருந்து யாரோ வந்தார்களாம்.

“இப்ப வேற போல்ட்டுண்ணா. அத்தவிட பெருசு.”

“நீ உருவேம்மா.”

தன் வீட்டிலும் அவள் சம்பளம் ஒன்றுதான் என்றாள்.

பூவராகவன் இப்போதும் நாலரைக்குக் கிளம்பி, ஒவ்வொரு கேட்டாக நின்று வேலை கேட்கிறார். கையைப் பார்த்ததும் அனுப்பிவிடுகிறார்கள். கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே பேனாவைப் பிடித்து, தொழிலகப் பாதுகாப்புத் துறைக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டிருக்கிறார், பட்டனின் படத்தை வரைந்து, போல்ட் செருகும் இடத்தில் அம்புக்குறி போட்டு. இதுவரை பதில் இல்லை. ஒற்றைக் கடிதம், அதுவும் வேலை போனவன் எழுதியது. கோபத்தில் எழுதியது என்று ஒதுக்கிவைக்க எத்தனை நேரம் ஆகும்? அந்தப் பழைய போல்ட் அவர் வீட்டு மாடத்தில் இருக்கிறது. சந்தனம் உதிர்ந்துவிட்டது.

இதைப் படிக்கும் உங்களில் யாரோ நாளைக் காலை ஒரு பிரஸ்ஸின் முன்னால் உட்காரப்போகிறீர்கள். யாரோ ஒருவரின் மகளோ தம்பியோ உட்காரப்போகிறார்கள். சிலர் அந்தத் தகடு பொருத்திய காரில் ஏறிப் போகப்போகிறீர்கள். கட்டிவைத்த பட்டன் எங்கே கண்ணில் பட்டாலும், அதன் தலையில் எத்தனை பொட்டு இருந்தாலும், கூட நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு உருவி எடுங்கள். உருவ முடியாத இடத்தில் இருப்பவர்கள் இன்றைக்கே ஒரு தாளை எடுத்து அந்தத் துறைக்கு எழுதுங்கள். பெயர் போடப் பயமாக இருந்தால் பெயரில்லாமல் எழுதுங்கள். பூவராகவனின் கடிதத்தைத் தனியாக விட்டுவிடாதீர்கள்.